மருந்துப் பெட்டியும் மனச்சான்றும்

ஆகஸ்டுத் திங்கள் பாதி கழிந்துவிட்டால், வேளாங்கண்ணியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகளில் காவியுடை அணிந்த திருப்பயணிகளின் அணிவகுப்பைக் காணலாம். ஆகஸ்டு 29ஆம் நாள் ஆரோக்கிய அன்னையின் கொடியேற்றத்தைக் கண்குளிரக் காண வேண்டும், செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் விழாவில் பங்குகொள்ள வேண்டும் என்னும் ஆவலோடு முதியோரும் இளைஞரும் தாய்மாரும் வெயிலையும் பொருட்படுத்தாது நடக்கின்றனர். அத்தகைய கூட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மருந்துப் பெட்டி உண்டு. பஞ்சு, கட்டுத்துணி, கால் கொப்புளத்துக்குக் களிம்பு, இவற்றோடு ஓரிரு அட்டை வலி மாத்திரைகள். நம் வீடுகளிலும் அலமாரியின் மேல்தட்டில் இதே போன்றதொரு பெட்டி இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெட்டியைப் பற்றியே இம்மாதம் குடும்பத்தாரோடு உரையாட விழைகிறோம். விழைவதற்குக் காரணம் உண்டு. அதனை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2018ஆம் ஆண்டு எமது பங்கிலிருந்து நாற்பது பேர் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்பட்டனர். நாமும் உடன் நடந்தோம். கூட்டத்தின் முன்னே சிலுவை தாங்கிச் சென்றவர் எமது பங்கின் உபதேசியார். அறுபத்து நான்கு வயது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தவர். நாம் செல்ல இயலாத ஞாயிறுகளில் கிளைக் கிராமங்களில் வழிபாடு நடத்தியவர். இரத்த அழுத்தத்துக்கென ஒரு மாத்திரையும், உடலில் நீர் தேங்காதிருக்க மற்றொரு மாத்திரையும் அவர் நாள்தோறும் உட்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் நண்பகலில் அவரது வலது முழங்கால் வீங்கிவிட்டது. “சாமி, சிலுவையை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. வலிக்கு ஏதாவது மாத்திரை இருந்தால் கொடுங்கள்” என்றார். பெட்டியைத் திறந்தோம். டைக்ளோஃபெனாக் மாத்திரை இருந்தது. காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அட்டையையே அவர் கையில் கொடுத்தோம். வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எமக்குத் தோன்றவும் இல்லை.

வலி தணிந்தது. உபதேசியார் முன்னிலும் விரைவாக நடந்தார். அது கண்டு மகிழ்ந்தோம். வெயிலோ நாளுக்கு நாள் கடுமையாயிற்று. வழியில் ஒதுங்க இடமில்லாமையால் அவர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார் என்பது எமக்குப் பின்னரே தெரியவந்தது. ஐந்து நாள்களில் பத்து மாத்திரைகள் தீர்ந்தன. அன்னையின் திருத்தலத்தை அடைந்த நாளில் அவருக்கு ஓயாத வாந்தி. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் ஏறத்தாழ நின்றேவிட்டது. கொடியேற்றத்தைக் காணாமலேயே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

இரத்தத்தைச் சோதித்த இளம் பெண் மருத்துவர், “ஐயா, வலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? யார் கொடுத்தார்கள்?” என்று கேட்டார். உபதேசியார் ஒருமுறை எம்மைப் பார்த்தார். “வழியில் ஒரு கடையில் வாங்கினேன், அம்மா” என்றார். முப்பது ஆண்டுகளாகப் பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த மனிதர், தம் குருவின் பெயர் கெடாதிருக்க, நோய்ப்படுக்கையில் கிடந்தவாறே பொய் சொன்னார். ஒரு கணம் நாமும் வாய் திறவாதிருந்தோம். அந்த ஒரு கணம் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகிறது. பிறகு, “கடையில் வாங்கியதன்று, டாக்டர், எமது பெட்டியிலிருந்து நாமே கொடுத்தோம்” என்றோம். மருத்துவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை, ஃபாதர். என்ன மருந்து, எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும்” என்று சொல்லி, பொறுமையோடு விளக்கவும் செய்தார். அன்று கேட்டறிந்ததையும், அதன்பின் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மடையும் நீர்ப்பாய்ச்சியும்

நம் முதுகெலும்பின் இரு மருங்கிலும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில், கைமுட்டியளவில் அமைந்திருப்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு சிற்றுறுப்புகளுக்கே செல்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் உடலுக்கு வேண்டியதெல்லாம் மீண்டும் இரத்தத்தில் சேர்க்கப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராய் வெளியேறுகிறது. படைத்தவரின் கைவண்ணத்தை எண்ணி வியக்க வேறு சான்று வேண்டுமோ!

இவ்வேலை தடையின்றி நடக்க, வடிகட்டிகளுக்கு இரத்தம் இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும். கடும் வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ உடலில் நீர் குறைந்து, இரத்த ஓட்டம் தளரும்போது, உடல் தானாகவே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து, வடிகட்டிக்குள் செல்லும் சிறு இரத்தக் குழாயை விரித்துவிடுகிறது. கண்மாயில் நீர் குறைந்த காலத்தில், கடைமடை வயல் காய்ந்துவிடாதபடி மடையை அகலத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியைப் போன்றது இப்பொருள்.

இதே புரோஸ்டாகிளாண்டின்தான் அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் மிகுவிக்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள் உண்டாவதைத் தடுத்தே வலியைத் தணிக்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டு ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் கண்டறிந்தார். 1982ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை வேறு இருவரோடு அவரும் பகிர்ந்துகொண்டார். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனமிக் அமிலம் ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. முழங்காலில் வலியை அடக்கும் அதே மாத்திரை, சிறுநீரகத்தில் மடையைத் திறந்துவைக்கும் நீர்ப்பாய்ச்சியையும் வேலையினின்று நிறுத்திவிடுகிறது. முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று மாத்திரைக்குத் தெரியாதன்றோ!

நல்ல உடல்நலமுள்ள ஒருவர் மருத்துவர் சொன்ன அளவில் ஓரிரு நாள் இம்மருந்தை உட்கொண்டால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அவருடைய சிறுநீரகம் இரத்தத்துக்காக ஏங்கி நிற்கவில்லை. நீர்ப்பாய்ச்சி இல்லாமலே சமாளித்துக்கொள்ளும். எம் உபதேசியாரின் நிலை அத்தகையதன்று. வெயிலாலும் நீர்மாத்திரையாலும் கண்மாய் வற்றியது. வலி மாத்திரையால் உள்மடை குறுகியது. இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயை விரித்துவிடும் இயல்புடையது. அவர் உட்கொண்டது அவ்வகையே. ஆக, வெளிமடையும் திறந்துவிட்டது. வயலில் நீர் நிற்பதெங்ஙனம்? இம்மூவகை மருந்துகளும் ஒருங்கே சேர்வதை மருத்துவ உலகம் தனியாகக் குறிப்பிட்டே எச்சரித்து வருகிறது. இரத்த அழுத்த மாத்திரை தீயதென்று இதனால் எவரும் கொள்ளலாகாது. அது அவருக்கு வேண்டிய மருந்தே. வேண்டாத விருந்தாளி நாம் கொடுத்த மாத்திரையே.

உலகம் விலைகொடுத்துக் கற்ற பாடம்

வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நேற்றுத் தெரிந்த செய்தியன்று. 1918ஆம் ஆண்டு உலகெங்கும் விஷக் காய்ச்சல் பரவியபோது, சுவீடன் நாட்டின் ஹுஸ்க்வர்னா நகரில் ஒரு மருத்துவர் பெனாசெட்டின், பெனசோன், கஃபீன் ஆகியவை கலந்த ஒரு பொடியைக் கொடுத்தார். காய்ச்சல் போன பிறகும் அவ்வூர்த் தொழிற்சாலைப் பணியாளர்கள் பொடியை விடவில்லை. களைப்பு நீங்கி வேலை செய்ய உதவுகிறது என்று நாள்தோறும் உட்கொள்ளும் பழக்கம் ஊரில் வேரூன்றியது. பல்லாண்டுகள் கழித்து, அப்பழக்கம் உடையோரிடையே சிறுநீரகம் கெட்டு இறப்போர் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர்களான ஸ்பூலரும் சோலிங்கரும் 1953ஆம் ஆண்டிலேயே இத்தகைய சிறுநீரகக் கேட்டைப் பற்றி எழுதியிருந்தனர்.

ஆஸ்திரேலியாவில் இல்லத்தரசியரும் தொழிலாளரும் தலைவலிக்கென்றும் மனச்சோர்வுக்கென்றும் இதே வகைப் பொடிகளைத் தேநீர் போல அன்றாடம் அருந்தினர். மெல்போர்ன் நகரின் பெண் மருத்துவர் பிரிசில்லா கின்கெய்ட் ஸ்மித், அப்பழக்கத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டி இடைவிடாது எச்சரித்தார். 1979ஆம் ஆண்டு அத்தகைய கலப்பு மருந்துகளைச் சீட்டின்றி விற்பது அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அமெரிக்கா 1983ஆம் ஆண்டு பெனாசெட்டினை விலக்கியது. இன்று நம் பெட்டியில் இருப்பது பெனாசெட்டின் அன்று என்பது மெய்யே. ஆயினும் எளிதில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணி நாள்தோறும் விழுங்கும் பழக்கம் அதுவேதான்.

நம் நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. பிணந்தின்னிக் கழுகுகள் ஒருகாலத்தில் இந்திய வானில் ஏராளமாக வட்டமிட்டன. 1990ஆம் ஆண்டுகளில் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுக் கழுகினம் சில ஆண்டுகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் அழிந்துபோயிற்று. காரணம் 2004ஆம் ஆண்டு வெளியாயிற்று. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அம்மாடுகள் இறந்தபின் அவற்றின் இறைச்சி வழியே கழுகின் உடலில் புகுந்து, அதன் சிறுநீரகத்தை அழித்துவந்தது. 2006ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடைசெய்தது. கழுகின் உடல் அம்மருந்தைத் தாங்கும் வலிமை அற்றது. மனித உடல் அவ்வளவு மென்மையானதன்று. எனினும், ஓர் உயிருக்கு நன்மை செய்யும் என்று கொடுத்த மருந்து வேறோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்னும் உண்மையை அந்தப் பறவைகள் தம் உயிரைக் கொடுத்து நமக்குக் காட்டின.

யார் யார் விழிப்பாயிருக்க வேண்டும்?

அறுபதைக் கடந்தோர், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, கல்லீரல் நோய் உடையோர், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளோர், மேற்சொன்ன இரத்த அழுத்த மாத்திரையும் நீர்மாத்திரையும் உட்கொள்வோர், இவர்கள் யாவரும் மருத்துவரைக் கேளாமல் இவ்வகை வலி மாத்திரையைத் தொடலாகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல், நெடுநேர வெயில் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது, இளைஞரும் விலக்கி வைப்பது நலம். வயலிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் வெயிலில் உழைத்துவிட்டு, இடுப்பு வலிக்கு இரவில் ஒரு மாத்திரை போட்டுப் படுப்போர் நம் பங்குகளில் எத்தனை பேர்! கருவுற்ற தாய்மார் இருபதாம் வாரத்துக்குப்பின் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. வயிற்றிலுள்ள சிசுவின் சிறுநீரகம் தளர்ந்து, அதனைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீர் குறைந்துவிடக்கூடும்.

சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே இடர். சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல், காரணமறியாச் சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உரிய காலத்தில் நிறுத்தினால் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் தேறிவிடுகிறது. பல மாதங்களாய் வலி மாத்திரை உட்கொண்டு வருவோர், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் உள்ளதா என்பதையும் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. இவை எளிய சோதனைகளே.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்குப் பெரிதும் பாதுகாப்பானது. அதற்கும் அளவு உண்டு. உடல்நலமுள்ள பெரியவர் ஒருநாளில் 4 கிராமுக்கு மேல் உட்கொண்டால் கல்லீரல் பழுதுபடும். மது அருந்துவோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் அந்த அளவும் மிகுதி. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் விற்கும் பல மாத்திரைகள் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக்கையோ இபுபுரூஃபனையோ சேர்த்துச் செய்யப்பட்டவை. பாராசிட்டமால் என்று எண்ணி வாங்குவோர் அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்துகளையும் படித்துப் பார்க்க வேண்டும். அட்டையிலிருந்து வெட்டித் தாளில் மடித்துத் தரும் பெயரறியா மாத்திரையை வாங்கவே வேண்டாம். இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறிய அளவு ஆஸ்பிரினை மட்டும் இக்கட்டுரையைப் படித்து எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. அது தனி நோக்கத்துக்காகத் தரப்படுவது. ஐயமிருந்தால் எழுதிக்கொடுத்தவரையே கேளுங்கள்.

வலியும் விசுவாசமும்

மாத்திரையே வேண்டாம், வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறேன் என்று சில பெரியோர் கூறுவதுண்டு. துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்தல் உயர்ந்த பக்தியே. ஆனால் வலியைத் தணித்துக்கொள்வது பாவம் என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. 1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மயக்கமருந்து மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தக்க காரணத்தோடு மருந்தால் வலியைத் தணிப்பது முறையே என்று தெளிவுபடுத்தினார். மருத்துவரை மதிப்பது இறைவனை மதிப்பதோடு இணைந்தது என்பதைச் சீராக்கின் ஞான நூலின் 38ஆம் அதிகாரத்தில் காணலாம். ஆகவே வலியோடு கிடந்து வாட வேண்டியதில்லை; கேட்டு மருந்துண்ண வேண்டும்.

நம் மக்களிடையே மற்றொரு நல்ல குணம் உண்டு. அதுவே சில வேளைகளில் தீங்காய் முடிகிறது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மூட்டு வலி என்றால், எனக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று அட்டையோடு எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அன்பினால் கொடுக்கிறோம், உபதேசியாருக்கு நாம் கொடுத்ததும் அன்பினால்தான். நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். அத்தோடு போய்விடவில்லை; சாவடிக்குக் கொண்டுபோய், பார்த்துக்கொள்ளத் தக்கவர் கையில் ஒப்படைத்து, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். நாமோ எண்ணெய் வார்ப்பதோடு நிறுத்திவிட்டோம். எங்கே வலிக்கிறது என்று கேட்டோமேயன்றி, வேறென்ன மருந்து உண்கிறீர்கள், தண்ணீர் குடித்தீர்களா, நாளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேளாமல் கொடுத்த அன்பு அரை அன்பே என்பதை எமக்குக் கற்பித்தவர் எமது உபதேசியார்.

அவருக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் வாரத்தில் சிறுநீர் சீராக இறங்கத் தொடங்கியது. உயிர் பிழைத்தார், இறைவனுக்கு நன்றி. ஆயினும் சிறுநீரகம் பழைய வலிமையை முழுதும் பெறவில்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்கிறார். நெடும்பயணம் நடக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. வீடு திரும்பியதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “சாமி, நீங்கள் பெட்டியைப் பூட்டிவிடாதீர்கள், அதில் ஒரு தாளை மட்டும் ஒட்டிவிடுங்கள்” என்றார் அவர்.

அவர் சொன்னபடியே செய்தோம். எமது பங்கின் மருந்துப் பெட்டியின் மூடிக்கு உட்புறம், அவருடைய அழகிய கையெழுத்திலேயே நான்கு கேள்விகள் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. உங்கள் வயது என்ன? நாள்தோறும் என்னென்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள்? நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் ஏதேனும் உண்டா? இன்று எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள், எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள்? இவற்றுக்கு விடை கேளாமல் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரையும் எவருக்கும் தரப்படுவதில்லை. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை இப்போது அதில் இல்லை.

பயணம் புறப்படும் நாளில் உபதேசியார் சிலுவையை ஓர் இளைஞன் கையில் கொடுத்துவிட்டு, ஊர் எல்லை வரை உடன் வருகிறார். அங்கே தண்ணீர்ப் பானையின் அருகே நின்று, ஒருவரையும் விடாமல் ஒரு குவளை குடிக்கச் செய்த பின்னரே வழியனுப்புகிறார். அன்புக் குடும்பத்தாரே, இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஆரோக்கிய அன்னை உங்கள் அனைவரையும் காப்பாராக.